பசுவின் காதைத் தின்ற எலி

எலிப்பொறி வைத்துப் பெற்ற தாயைப் பிடித்த முட்டாள் இந்த விருத்தாசலத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிடித்ததோடு வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட முட்டாள் பட்டத்தோடு போயிருக்கும். மூடவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் பிளஸ் ஒன் படித்தவர்களே, ஒரு ரூபாய் காயின் போனில் காசு விழுந்தும் லைன் கிடைக்காமல் போனை நாலு குத்து குத்தியவர்களே, இது உங்களுக்குத்தான். நமக்கு இன்னும் முழுசாக நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் கீழே உட்கார்ந்து எழுந்தால் முட்டி நமக்கு முன்னால் பேசுகிறது. அது பேசுவதற்குள் நான் பேசிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்குக் கணக்கு குரூப்பின் வாசலில் செருப்பு விடக்கூட இடம் கிடைக்கவில்லை. பீங்கான் பாலிடெக்னிக்கில் சேர்த்து என்னைப் பெரிய ஆளாக்கும் கனவு அம்மாவுக்கு இருந்தது. அதற்கும் மதிப்பெண் கேட்டார்கள். மிஞ்சியது மனையியல். எங்கள் பள்ளியில் அந்த குரூப்பில் அதுவரை பையன் எவனும் சேர்ந்ததில்லை. பத்துப் பன்னிரண்டு பெண்கள், நடுவில் மீசை முளைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நான்.

அப்பா கம்மாபுரம் பக்கம் சுரங்கத்திலிருந்து கரி ஏற்றும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். வாரத்துக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். விஷயம் தெரிந்ததும், "சோறாக்கக் கத்துக்கவாடா ஸ்கூலுக்குப் போற?" என்றார்.

"இல்லப்பா, சாப்பிடவும்."

உண்மையைத்தான் சொன்னேன். செய்முறை வகுப்பு என்றால் கேசரி, பஜ்ஜி, ஒரு நல்ல நாளில் பிரியாணி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முதல் செய்முறை வகுப்பில் டீச்சர் கேழ்வரகுக் கூழ் காய்ச்ச வைத்தார். வெல்லம் இல்லை. நான் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு மூன்று நாள் துக்கம் அனுசரித்தேன்.

மனையியல் டீச்சர் பெண்ணாடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு ரெக்சின் பை. நம் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். நகத்தைப் பார்ப்பார். "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கேட்டுவிட்டு, நாம் வாயைத் திறப்பதற்குள், "பொய் சொல்லாத" என்பார்.

அவர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் வேடிக்கையாக இருந்தது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார், அவர்கள் சாப்பிடும்போது சட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். மறுநாள் நான் எழுந்து நின்றேன்.

"எங்க வூட்ல கடைசியா சாப்பிடறது நாய் டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார்.

"சரி. அதுக்கு முன்னாடி?"

"அம்மா."

"அம்மாவுக்கு எவ்ளோ இருந்தது, நாய்க்கு எவ்ளோ இருந்தது?"

நான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் நாய் நல்ல புஷ்டியாக இருக்கும்.

அந்த வருடம் எங்கள் குரூப்பை மூடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு ஓடியது. ஆள் சேருவதில்லை, யாருக்கும் ஆர்வமில்லை, அந்த அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடலாம் என்று. அந்த நேரம் பார்த்து, மாவட்டத்தில் சிறந்த மனையியல் ஆசிரியைக்கு ஓர் அமைப்பு விருது கொடுக்கிறது, டீச்சர் பெயர் கடைசிச் சுற்றுக்குப் போயிருக்கிறது என்று செய்தி வந்தது. விருது கிடைத்தால் குரூப் தப்பும். கிடைக்காவிட்டால் டீச்சரைத் தூக்கி எங்கேயாவது போட்டுவிடுவார்கள். தலைமையாசிரியர் எங்கள் வகுப்புக்கே வந்து இதைச் சொன்னார். நல்ல மனிதர், மீசைக்கு மட்டும் சாயம் அடித்து, தலையை அப்படியே விட்டிருப்பார்.

"டீச்சர், பார்க்க வர்றவங்களுக்குக் கண்ணுக்கு நிறைவா எதாவது வைக்கணும். கேரட்ல அன்னப்பறவை செய்ய வருமா உங்களுக்கு?"

"கேரட்ட துருவி சாப்பிட வரும் சார்."

"அது எல்லாருக்கும் வரும். நீங்க அன்னப்பறவை கத்துக்குங்க."

டீச்சர் கற்றுக்கொண்டார். குரூப் பிழைக்க வேண்டுமே. எங்களையும் கற்றுக்கொள்ள வைத்தார். நான் செய்த அன்னப்பறவை நனைந்த கோழி மாதிரி இருந்தது. தின்றுவிட்டேன்.

இனி எலி.

அம்மா பொம்மை கம்பெனியில் வேலை பார்த்தாள். நவராத்திரிக் கொலுவுக்கு நீங்கள் வாங்கியிருப்பீர்களே, வெள்ளைப் பசுவும் பக்கத்தில் கன்றும், அந்த மாதிரிப் பீங்கான் பொம்மைகள். கூழாய்க் கரைத்த வெள்ளை மண்ணை அச்சில் ஊற்றி எடுப்பார்கள். எடுத்த பச்சைப் பொம்மையின் ஓரங்களைச் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் காயவைப்பது பெண்களின் வேலை. காய்ந்தபின் சூளைக்குப் போகும். சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வரும்போது இமை முடியெல்லாம் வெள்ளையாக, பாட்டி வேஷம் போட்டதுபோல இருப்பாள். அவள் சேலையில் எப்போதும் முதல் மழை பெய்த வாசனை இருக்கும். மாசி, பங்குனியில்கூட.

திடீரென்று அங்கே பசுக்களுக்குக் காது காணாமல் போக ஆரம்பித்தது. கன்றுக்கு வால் இல்லை. ஆட்டுக்குக் கொம்பு இல்லை. செட்டியார் பொம்மைக்கு ஒருநாள் மூக்கே இல்லை. மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார்.

"எலியா இருந்தா பொறி வைப்பேன். மனுசங்க யாராச்சும் ஒடைச்சிட்டு மறைக்கறீங்கன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே சீட்டக் கிழிச்சிடுவேன், ஆமாம்."

அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோன நான் சும்மா இருந்தேனா? "எங்கிட்ட நல்ல பொறி இருக்குதுண்ணே" என்றேன். மரப்பலகையில் தடித்த கம்பி ஸ்பிரிங் வைத்த பழைய பொறி. அதில் மசால்வடைத் துண்டு ஒன்றைச் செருகி, கன்றுக்குட்டிகள் காயும் பலகையில், ஒரு பெரிய பசுவுக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். சாப்பாட்டு மணி அடித்தது. எல்லாரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போனார்கள். நான் ஒரு விறகுக் கட்டையோடு கூடைகளுக்குப் பின்னால் பதுங்கினேன்.

படார் என்று ஒரு சத்தம். பின்னாலேயே, "யம்மாடி!" என்று ஒரு குரல்.

எலி "யம்மாடி" என்று கத்தாது என்பது எனக்கு அந்தப் பதற்றத்தில் உறைக்கவில்லை. கட்டையோடு ஓடினேன். அங்கே அம்மா நின்றிருந்தாள். வலது கை விரல் பொறியில். வாயில் ஏதோ கர்க் என்று உடைந்தது. என்னைப் பார்த்ததும் அந்த வாய் அப்படியே நின்றுபோனது. கையில் கட்டையோடு நானும் அப்படியே நின்றுபோனேன்.

சத்தம் கேட்டு மேஸ்திரி ஓடிவந்தார்.

"இன்னாச்சு?"

அம்மா எதையோ விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பலகையத் தொடைக்க வந்தண்ணே. இந்தத் தறுதல இங்க பொறிய வெச்சிருக்குது."

மேஸ்திரி என் தலையில் ஒன்று போட்டுவிட்டுப் போனார். நான் அம்மாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"யம்மா, வாயில என்னா?"

"காது."

"யாரு காது?"

"பசுமாட்டுக் காதுடா. வேற யாரு காதைத் திம்பாங்க?"

"மண்ணும்மா அது!"

"மண்ணுதான். வெள்ளையா, சுத்தமா இருக்குது. அழுக்கா இருந்தா திம்பனா? வாசனை அடிச்சதும் நாக்கு ஊறுதுடா. நா மட்டுமா? கொம்பு திங்கறவ ஒருத்தி, வாலு திங்கறவ ஒருத்தி. எனக்குக் காதுதான் புடிக்கும்." வீங்கிய விரலைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள். "வெளிய சொன்னியோ, எங்க அத்தினி பேருக்கும் வேல போயிடும். சொல்லாத."

சொல்லக் கூடாதுதான். ஆனால் நண்பர்களே, இவ்வளவு பிரமாதமான ஒரு நகைச்சுவை கையில் இருக்கும்போது அதை அடைகாத்துக்கொண்டு இருக்கிற ஜாதியா நான்? அடுத்த வாரமே டீச்சர் ஊட்டச்சத்துப் பாடம் நடத்தும்போது கேட்டார்: "உங்க வூட்ல யாராச்சும் பச்சரிசி, சாம்பல், கரி, மண்ணு இந்த மாதிரி எதாவது திங்கறாங்களா?"

கையைத் தூக்கினேன். "எங்கம்மா பசுமாட்டுக் காது திங்கறாங்க டீச்சர்."

என் வாழ்க்கையில் அதற்குமுன் அப்படி ஒரு சிரிப்பை நான் வாங்கியதில்லை. ஒரு பெண் பெஞ்சிலிருந்து கீழே விழுந்தாள். பொம்மை, பொறி, விரல் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் டீச்சர் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார்.

"அம்மாவுக்குப் படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"எங்க வூட்ல படியே இல்ல டீச்சர்."

மறுபடியும் சிரிப்பு.

"தண்ணிக் குடம் தூக்கிட்டு வரும்போது?"

குழாயடியிலிருந்து வரும்போது அம்மா பாதி வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, யார் வீட்டு வாசலிலாவது உட்கார்ந்துவிடுவாள். "என்னாம்மா, பஸ் ஸ்டாப்பா?" என்று நான் தினமும் கேட்பேன். அவளும் தினமும் சிரிப்பாள், மூச்சு வாங்கிக்கொண்டே.

அன்று சாயங்காலம் டீச்சர் பெண்ணாடம் பஸ்ஸை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவை வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, கண்ணின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார். "எட்டிப் பாரு" என்றார் என்னிடம். அங்கே சிவப்பாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். சூளைக்குப் போகாத பொம்மையின் நிறத்தில் இருந்தது. பெற்றவளின் உடம்புக்குள் அந்த நிறத்தைப் பார்த்த அதிர்ச்சி இருக்கிறதே, அதற்கு முன்னால் பொறியெல்லாம் ஒன்றுமே இல்லை.

"ரத்தமே இல்லம்மா உங்களுக்கு. அதனாலதான் மண்ணு கேக்குது. அந்த மண்ணு, நீங்க சாப்பிடற கொஞ்ச நஞ்சத்தையும் உடம்புல சேர விடாது."

"ஐயோ டீச்சர், கம்பெனிக்குத் தெரிஞ்சிடப் போவுது."

"எனக்கு கம்பெனியே தெரியாதும்மா. உங்களதான் தெரியும். நாளைக்கு லீவு போடுங்க. நானும் போடறேன்."

பெரியாஸ்பத்திரியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், "இதை வெச்சிக்கிட்டு எப்படிம்மா நடந்து வந்தீங்க?" என்று கேட்டாராம். அம்மா, "டீச்சர் கையப் புடிச்சிக்கிட்டு" என்றாளாம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் தையல் கிளாஸ் நடந்தது. மேஸ்திரிக்குச் சொல்லப்பட்டது அப்படித்தான். வால், கொம்பு, மூக்கு என்று ஆளுக்கொரு ருசி வைத்திருந்த அத்தனை பெண்களும் வந்தார்கள். டீச்சர் ஒவ்வொருவர் இமையாக இழுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு இரண்டு இரண்டு பேராகக் கூட்டிக்கொண்டு போனார். மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது, எலுமிச்சம்பழச் சாறோடு விழுங்கு என்றார். முருங்கைக்கீரை ஆய வைத்தார். வாலு தின்கிற அக்கா மட்டும், "டீ இல்லாத வாழ்க்கை என்னா வாழ்க்க டீச்சர்?" என்று கடைசி வரை சண்டை போட்டாள். டீச்சர், "ஒரு மணி நேரம் கழிச்சிக் குடி, நானே போட்டுத் தரேன்" என்று போட்டும் கொடுத்தார். இன்று வரை எங்கள் அம்மாவுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அப்படி ஒரு தையல் கிளாஸ்.

கொஞ்ச நாளில் பசுக்களுக்குக் காது முளைக்க ஆரம்பித்தது. கன்றுக்கு வால் வந்தது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டினார். "உன் பொறியப் பாத்துதான்டா எலியெல்லாம் ஓடிப்போச்சு!" எனக்கு ஒரு முழுப் பசுவைப் பரிசாகக் கொடுத்தார். இரண்டு காதும் இருந்தது. அதை நான் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

விருதுக் குழுவிலிருந்து ஓர் அம்மா பார்க்க வரும் நாள் நெருங்கியது. வெறும் கேரட் அன்னப்பறவையை நம்பி டீச்சரை விடுவதா? நான் நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். பொம்மை கம்பெனிக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். "வெளிய தெரியக் கூடாது சார்" என்றும் சொன்னேன். சொல்லிவிட்டு வந்து, டீச்சரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் இரண்டு அன்னப்பறவைகளைத் தின்றேன்.

வந்த அம்மா அன்பானவர்தான். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்து மாட்டியிருந்தார். அன்னப்பறவையைப் பார்த்தார், மேஜை விரிப்பைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு, "இதெல்லாம் எல்லா ஸ்கூல்லயும் பார்த்துட்டு வரேன். பாடம் தவிர ஊருக்கு என்ன செஞ்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. தலைமையாசிரியர் திறந்தார்.

"பீங்கான் கம்பெனிப் பொம்பளைங்க மண்ணு தின்ற பழக்கத்தையே மாத்திட்டாங்க மேடம்!"

டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

அந்த அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதுதாங்க மனையியல்! இதுக்குத்தான் விருதே. வாங்க, அவங்களையே பார்த்துடலாம்."

"வேண்டாம் மேடம், அவங்க வேலையில இருப்பாங்க" என்று டீச்சர் சொல்லச் சொல்ல, ஜீப் கிளம்பிவிட்டது. வழி காட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கம்பெனியில் மேஸ்திரி நாற்காலி போட்டார். பெண்கள் ஸ்பாஞ்சும் கையுமாக எழுந்து நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் அம்மா. குழு அம்மா மிகவும் கனிவாகத்தான் கேட்டார்.

"பயப்படாம சொல்லுங்க. நீங்கள்லாம் இந்த மண்ணைச் சாப்பிட்டுட்டு இருந்தீங்களாமே? டீச்சர்தான் நிறுத்தினாங்களாமே?"

மேஸ்திரி மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கும் அதே சிரிப்பு.

"மண்ணா? எங்களுக்குச் சோறு இல்லாமயா போச்சு? யாருங்க இப்படியெல்லாம் சொல்றது?"

பின்னால் நின்ற அத்தனை பேரும், "அதானே" என்றார்கள். டீயில்லாமல் வாழ முடியாத அக்கா கூடுதலாக, "அசிங்கமா இருக்குதுங்க" என்றாள். டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் இவள்தானா?

குழு அம்மாவின் கண்ணாடி டீச்சர் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன். என் தோளில் டீச்சரின் விரல்கள் அழுந்தின, நகம் பதியும் அளவுக்கு.

"நான்தான் தப்பா புரிஞ்சிக்கிட்டேன் மேடம்" என்றார் டீச்சர். "இவங்களுக்குத் தையல்தான் சொல்லிக் குடுத்தேன்."

தலைமையாசிரியரின் மீசை துடித்தது. மேஸ்திரிதான் நிலைமையைச் சரிசெய்தார்.

"எலி மேடம்! பொம்மையெல்லாம் எலி தின்னுது. இந்தத் தம்பிதான் பொறி வெச்சு வெரட்டுனான். சொல்லுடா!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

"ஆமாங்க, எலிதான்" என்றேன். "பெரிய எலி."

குழு அம்மா என் கன்னத்தைத் தட்டி, "நல்ல பையன்" என்றார். மேஸ்திரி கைதட்ட, எல்லாரும் கைதட்டினார்கள். மனையியல் துறையில் அன்று அந்த இடத்தில் பாராட்டு வாங்கிய ஒரே ஆள் அடியேன்தான்.

அன்று வீட்டில் நான் அம்மாவிடம் போட்ட சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கடைசியில், "நா ஒருத்தி ஒத்துக்கிட்டா எல்லாருக்கும் சீட்டக் கிழிப்பான்டா. அவங்க புள்ளைங்களுக்கு நீயா சோறு போடுவ?" என்றாள். அதற்குப் பிறகு அழுதாள். நான் அவளைத் துரோகி என்றேன். பதினாறு வயதில் எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தை அதுதான்.

விருது வேறு ஊர் டீச்சருக்குப் போனது. கைத்துண்டை மடித்துத் தாமரை செய்வாராம். இல்லாத சேவையைச் சொல்லிக்கொள்ளப் பார்த்தார் என்று எங்கள் டீச்சரைப் பற்றி ஒரு பேச்சு பள்ளிக்கூடங்களில் சுற்றியது; சொன்னது தலைமையாசிரியர் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. குரூப்பில் புதிதாக ஆள் சேர்க்கவில்லை. எங்களை வேறு ஒரு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு, டீச்சரை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். இன்று அந்தப் பொம்மை கம்பெனியும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. சீட்டைக் கிழிக்க ஆளில்லை என்பதால்தான் இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன்.

டீச்சர் கடைசியாகக் கிளம்பிய சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அதே ரெக்சின் பையோடு நின்றிருந்தார். டீசல் புகையும், முறுக்கு விற்பவரின் கூவலும். மூச்சு வாங்கிக்கொண்டு, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன்: "டீச்சர், அந்தக் குழு அம்மா வூட்டு விலாசம் ஹெச்செம் சார்கிட்ட இருக்குது. நா நாளைக்கே போயி நடந்தத எல்லாம் சொல்லிடறேன். விருது உங்களுக்குத்தான் வரணும் டீச்சர். சொல்லட்டுமா?"

டீச்சர் முதல்முறையாக என் நகத்தைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்தார்.

"உங்கம்மாவ கேட்டியா?"